கிருத்திகை சாயங்காலத்து இன்னொருத்தி

தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் போதும், பெருங்காயம் போட்டுத் தாளிக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்து மூக்கைத் துளைக்கிறது, வதினா. நம் தெரு முனையில், பழைய லாரி ஷெட் இருந்த இடத்தில் ஓட்டல் திறந்துவிட்டார்கள். ஏசி ஹால், கண்ணாடிக் கதவு, வாசலில் சீரியல் லைட்டு எல்லாம் உண்டு. அடுப்படிப் புகையை வெளியே தள்ளுகிற காற்றாடியை மட்டும் என் ஜன்னலைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நீ இருந்தவரைக்கும் ஒரு நல்ல இட்லிக்காக பஸ் ஸ்டாண்ட் பக்கமும் ஸ்டேஷன் பக்கமும் நடையாய் நடந்தோம். நீ போன பிறகு ஓட்டலே வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. இதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல், அண்ணி முறை என்றுகூடப் பார்க்காமல் உன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

புது ஓட்டல் என்றால் உனக்கு என்ன வேகம் வரும்! ஆனால் திறந்த அன்றைக்குப் போகவே மாட்டாய். "தொறக்கற அன்னிக்கு எவன்மே கெட்ட சோறு போடுவான்? கிருத்திகை வரட்டும், யோக்கியதை தெரிஞ்சிடும்" என்பாய். கிருத்திகை அன்று நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் காவடியும் மொட்டைத் தலையுமாக ஜனம் வந்து இறங்கும். ஊர்க்காரர்கள் யாரும் அன்றைக்கு ஓட்டல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். நாம் மட்டும்தான் வேலை மெனக்கெட்டுப் போய் அந்தக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நிற்போம். நீ சேலை வியாபாரம், நான் ரவிக்கை தைக்கிறவள். வீட்டில் இருக்கிறவர்கள் கேட்டால் நூல் வாங்கப் போனோம் என்போம்.

ஆளுக்கு இரண்டு இட்லி, அவ்வளவுதான். முதலில் ஊற்றுகிற சாம்பாரைத் தொட்டுக்கொண்டு பேசாமல் சாப்பிட வேண்டும். இரண்டாவது தடவை கேட்டு வாங்குகிற சாம்பாரில்தான் விஷயமே இருக்கிறது. கூட்டம் நெருக்கும்போது வாளியில் வெந்நீரைக் கலக்காதவன் யார் என்று அப்போது தெரிந்துவிடும். தட்டை லேசாகச் சாய்ப்பாய். சாம்பார் தண்ணியாய் விளிம்புக்கு ஓடி வந்தால் "ஓடுது" என்பாய். அந்தப் பக்கம் மறுபடி எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம். பருப்போடு தயங்கினால் "நிக்குது". ஒருமுறை ஸ்டேஷன் ரோட்டில் ஒருத்தர் கோபித்துக்கொண்டார், ஞாபகம் இருக்கிறதா?

"ஏம்மா, நீங்க இட்லி துன்ன வந்தீங்களா, சாம்பார் குடிக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும் சேத்துதான்யா வந்துகீறோம். ஊத்து" என்றாய். ஊற்றினார். ஓடியது. நீ சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறிவிட்டது.

முடிவு சொல்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பாய். "நீ சொல்லுமே, உன் நாக்கு பொய் சொல்லாது" என்பாய். அதை நான் எவ்வளவு பெரிதாக வைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? எதை ஆக்கி வைத்தாலும் உப்பு பத்தவில்லை என்கிற மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். உலகத்தில் ஒருத்திக்காவது என் நாக்கு வேண்டியிருந்ததே.

சாப்பிட்டு முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் வெரதம்" என்று எழுந்துவிடுவாய். காலை டிபனைத் தின்றுவிட்டு மத்தியானத்திலிருந்து விரதம் இருந்த பெண் இந்தத் திருத்தணியில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். சாயங்காலம் மலைக்குப் போகும்போது நானும் வருகிறேன் என்றால், "நீ முட்டி வலிக்குதுன்னு நடுப்படியில குந்திக்குவே, வேணாம்" என்று தட்டிக் கழிப்பாய். நானும் நம்பினேன். உன் பக்தியை அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமை வேறு பட்டேன்.

போன கிருத்திகைக்கு இந்தப் புது ஓட்டலுக்குப் போனேன். காலையில் போயிருந்தால் ஒன்றும் தெரியாமலே இருந்திருக்கும். ஒரு கல்யாண வீட்டு ரவிக்கைகள் பாக்கி இருந்ததால் சாயங்காலம் ஆகிவிட்டது. உள்ளே நிற்க இடமில்லை. நம் வயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்த மேஜையில் என்னை உட்காரச் சொன்னார்கள். நெற்றியில் விபூதி, மலையிலிருந்து இறங்கி வந்த களைப்பு. பக்கத்து நாற்காலியில் ஒரு துணிப்பையை வைத்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

அவளுக்கு இட்லி வந்தது. சாப்பிட்டாள். இரண்டாவது தடவை சாம்பார் கேட்டாள். தட்டைச் சாய்த்தாள்.

"ஓடுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. "யாருங்க உங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"எங்க வதினா ஒருத்தங்க. இந்த ஊருதான். சேலை எடுக்க எங்க வூட்டுக்கு வருவாங்க. எங்களுக்கு அம்மையார்குப்பம்ங்க, தறி போட்டுகினு கீறோம். நான் கிருத்திகைக்கு மலைக்கு வந்தா, கீழ எறங்கனதும் ரெண்டு பேரும் ஓட்டல்ல குந்திகினு பேசிகினு இருப்போம்."

எங்க வதினாவாம்! "சாயங்காலமா?" என்றேன்.

"ஆங், சாயங்காலந்தான். காலையிலயே ஒரு தரம் தனியா வந்து ருசி பாத்து வச்சுடுவாங்க. எது ஓடுது, எது நிக்குதுன்னு கரெக்டா சொல்லுவாங்க. நிக்கிற ஓட்டலாப் பாத்துத்தான் என்னை இட்டுகினு போவாங்க."

"தனியாவா வருவாங்க?"

"தனியாத்தாங்க. அவங்க நாக்கு அப்படி."

கேட்டாயா, வதினா? அது யார் நாக்கு? ஓடுகிற சாம்பாரெல்லாம் எனக்கு, நிற்கிற சாம்பாரெல்லாம் அவளுக்கு. அதோடு விட்டாளா? உனக்கு நெய் ரோஸ்ட் என்றால் உயிராம். அப்புறம் பாதாம் பால் இல்லாமல் எழுந்திருக்க மாட்டாயாம். என்னோடு வந்தபோது இரண்டு இட்லிக்கு மேல் கேட்டால், "ருசி பாக்க வந்தோமா, வயித்த ரொப்ப வந்தோமா?" என்று அதட்டின வாய்தானே அது? வயிறு பற்றி எரிந்தது. நீ உயிரோடு இருந்திருந்தால் அப்போதே உன் வீட்டுக்கு வந்து, தெருவே கேட்க நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டாய்.

அவளுக்கு உன் விஷயம் தெரியாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உனக்கு நெஞ்சு வலி வந்த அன்று ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. கடைசியாக உனக்கு உடுத்திவிட்டது நான், அந்த ரவிக்கை நான் தைத்தது. அவளிடம் நெய் ரோஸ்ட் இருக்கலாம், இது இல்லை. அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் பெருமை அத்தனையும் அடங்கிவிடும். சொல்வதற்காக வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவளே பேசினாள். "கொஞ்ச நாளா போன் போட்டாலும் போவ மாட்டேங்குது. தீபாவளி நேரத்துல தறி வேலை, நான் ஒரு கிருத்திகைக்கு வராம வுட்டுட்டேன். அந்தக் கோவமா இருக்கும். இன்னிக்கி எப்படியும் வந்துடுவாங்க. புது ஓட்டலு, கிருத்திகை வேற, அவங்களால வூட்ல குந்திகினு இருக்க முடியுமா?"

சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். துணிப்பை இருந்த நாற்காலி உனக்காகப் பிடித்து வைத்த இடம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் போனை உன் பையன் அணைத்து அலமாரியில் வைத்து எத்தனையோ நாளாகிறது.

அந்த நிமிஷம் வந்தது பார், அதுதான் பொறாமை. அதற்கு முன்னால் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. நெய் ரோஸ்டைக்கூட மன்னித்துவிடுவேன் வதினா, அவளுக்கு நீ இன்னும் இருக்கிறாயே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? அவளுக்கு நீ மலைப்படி இறங்கிக்கொண்டிருக்கிறாய். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாய். காலை மிதித்தவனைத் திட்டிக்கொண்டு நம் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறாய். நான் திரும்பிப் பார்த்தால் கதவு மட்டும்தான் தெரிகிறது. எனக்கு அழுகை வரவில்லை. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, அவள் மாதிரி ஆகிவிட வேண்டும் போலவும் இருந்தது.

நாங்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு குடும்பம் இடத்துக்காக நின்றுகொண்டிருந்தது. பரிமாறுகிறவர் வந்து துணிப்பை மேல் கை வைத்தார். "ஆள் வராங்களாம்மா, இல்ல நான் எடுத்துக்கட்டுமா? கூட்டம் நிக்குது பாருங்க."

அவள் வாயில் இட்லி இருந்தது. பையை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆள் வராங்க. சேரைத் தொடாதீங்க" என்றேன் நான்.

என் குரலுக்குப் பயந்து அவர் போய்விட்டார். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "உங்களுக்கு அவங்களத் தெரியுமா?"

"தெரியும். எனக்கும் வதினாதான்."

"அட, இம்மா நேரம் சொல்லவேயில்ல! அப்ப இருங்க, அவங்களும் வந்துடட்டும்."

இருந்தேன். வேலை கிடக்கிறது, வீட்டில் தேடுவார்கள், எதுவும் தோன்றவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அவளோடு சேர்ந்து நானும் நிமிர்ந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் எனக்கும் நீ வருவாய் என்றே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள்தான் முதலில் எழுந்தாள். "வந்தா நான் கோவிச்சுகினு போய்ட்டேன்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள். கோவித்துக்கொண்டு போய்விட்டாள், வதினா. சொல்லிவிட்டேன்.

நாளைக்கு மறுபடியும் கிருத்திகை. அவள் வருவாள். நான்தான் சொல்ல வேண்டும், வேறு யார் வாயிலிருந்தும் அவள் கேட்கக் கூடாது. அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டுதான் இந்த மாதம் முழுக்க ரவிக்கை வெட்டினேன். சொன்ன பிறகு உனக்காகக் கதவைப் பார்க்க இந்த ஊரில் ஆள் இருக்காது. அதனால் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். இட்லி வரட்டும். சாம்பார் இரண்டு தடவையும் வரட்டும். அவள் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவி வரட்டும். அதுவரைக்கும் நீ வந்துகொண்டே இரு.