சர்க்கரையை விட்டாச்சு, அண்ணாச்சி

சேரப்பணஞ்சேரி,
14.9.1999

அன்புத் தம்பி பிச்சையாவுக்கு, அண்ணன் கோதண்டம் சொல்லச் சொல்ல மருமகள் தேவகி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் சந்தனமாரியும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததை உன் மகன் அருள்பாண்டி வந்து சொன்னான்.

தேதியைத் தேவகி மேலே போட்டுவிட்டாள். எழுத்துத் தெரியாத எனக்குத் தேதி வேறு மாதிரி. டெல்லியில் ஒரே ஓட்டில் ஆட்சி கவிழ்ந்து, பனிமலையில் சண்டை நடந்து முடிந்து, மறுபடியும் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டுத் திரிகிற வருஷம். படப்பை ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நம்ம ஊர்ப் பிள்ளைகளையும் உன் ஊர்ப் பிள்ளைகளையும் ஷிப்டுக்கு அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்த வருஷம். இந்த வருஷத்து ஆடியில்தான் நீ மகனைப் பார்க்க வந்தாய், நான் உன் வயிற்றைப் பார்த்தேன்.

துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டே இருந்தாய். இருமும்போதெல்லாம் கையால் அமுக்கிக்கொண்டாய். நான் இழுத்துக்கொண்டு போகாவிட்டால் தண்டலம் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாயா? டாக்டர் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "குடலிறக்கம் பெரியவரே. என்னைக்காவது வெளிய வந்த குடல் அப்படியே மாட்டிக்கினா உயிருக்கு ஆபத்து. ஆனா இந்த எடையோட அறுத்தா தையல் நிக்காது. பத்து கிலோ குறைச்சுக்கினு வாங்க. சோத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க, தெனம் நடங்க, முக்கியமா சர்க்கரையைக் குறைங்க."

தாம்பரம் ஸ்டேஷனில் கையடித்துக் கொடுத்தது மறக்கவில்லையே? நீ சர்க்கரையை விடு, நீ ஆபரேஷனுக்கு வருகிற வரைக்கும் நானும் தொடமாட்டேன் என்றேன். அன்றிலிருந்து வெறும் டீதான். தேவகி திட்டுகிறாள். "இன்னா மாமா, நீங்களே ஒட்டடைக் குச்சி மாதிரி கீறீங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்கிறாள். அவள் திட்டியதை அவள் கையாலேயே எழுத வைத்துவிட்டேன்.

உன் எடையை எழுது.

அண்ணன்,
கோதண்டம்

*

சங்கரன்கோவில்,
20.10.1999

மதிப்புக்குரிய அண்ணாச்சிக்கு, பிச்சையா வணக்கமாய் எழுதுவது. உங்கள் கடுதாசி கண்டு சந்தோஷம். இங்கே மழை உண்டு, கிணற்றில் தண்ணீர் உண்டு, குறையில்லை.

சர்க்கரையை விட்டாச்சு, அண்ணாச்சி. உங்கள் கடுதாசியைச் சந்தனமாரியிடம் வாசித்துக் காட்டினேன். டப்பாவில் இருந்த சர்க்கரையை அவள் அன்றைக்கே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். கருப்பட்டியும் அதற்குச் சித்தப்பா மகன்தான் என்று அதையும் நிறுத்திவிட்டேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த நாக்கு இது. உங்களுக்குக் கொடுத்த வாக்குக்காக விட்டேன்.

ஆனால் ஒன்று. ரயில்வே ஸ்டேஷன் எடை எந்திரத்தில் காசு போட்டு ஏறினேன். எண்பத்தேழு. அங்கே வந்தபோது இருந்த அதே எடை. அட்டையின் பின்னால் 'உங்கள் முயற்சி வெற்றி பெறும்' என்று அச்சடித்து வந்தது. எந்திரத்துக்கே என் மேல் இரக்கம்.

எனக்கு ஒரு யோசனை. ரத்தம் எடுத்துப் பார்த்து எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்றுதானே சொன்னார்கள்? வியாதி இல்லாதவன் எதற்கு விட வேண்டும்? எடை போடுவது சோறு, கறி. சர்க்கரை தண்ணீரில் கரைந்து காணாமல் போகிற பொருள். கரைகிற பொருளுக்கு ஏது எடை? ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் கேட்டு எழுதுங்கள்.

தம்பி,
பிச்சையா

*

சேரப்பணஞ்சேரி,
12.12.1999

அன்புத் தம்பிக்கு,

கேட்டுவிட்டேன். டாக்டர் இல்லை, நர்ஸம்மாதான் இருந்தது. உன் கேள்வியை அப்படியே சொன்னேன். சிரித்துவிட்டது. "கரைஞ்சு எங்க தாத்தா போவுது? அவர் வயித்துக்குத்தானே போவுது? டம்ளர்ல காணோம்னா கணக்குல காணோமா?" என்றது. வியாதி இருக்கிறவர்களும் குறைக்க வேண்டும், வியாதி இல்லாமல் உடம்பைக் குறைக்கிறவர்களும் குறைக்க வேண்டுமாம். அதற்காகப் பட்டினி கிடக்கக் கூடாதாம். சோறு, காய், பருப்பு எல்லாம் அளவாக உண்டாம். முதலில் போக வேண்டியது குடிக்கிறதில் போடுகிற சர்க்கரைதானாம்.

அதோடு விட்டதா? என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களும் வுட்டுட்டீங்களா? உங்க ஒடம்புல குறைக்க இன்னா கீது?" என்று எடை எந்திரத்தில் ஏற்றியது. நாலு கிலோ குறைந்திருக்கிறேன். வேட்டி நிற்கவில்லை, அருணாக்கயிற்றில் செருகி வைத்திருக்கிறேன். "உங்களுக்கு நல்லது இல்ல, ஒழுங்கா போட்டுக் குடிங்க" என்று அதட்டி அனுப்பியது. நான் கேட்கவில்லை. கையடித்தது உன்னிடம்.

பிச்சையா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நான் வெறுமனே விட்டே நாலு கிலோ போயிருக்கிறது. நீ விட்டும் ஒரு கிலோ போகவில்லை என்றால் எப்படி? வீட்டில் விட்டுவிட்டு கடைத்தெருவில் தின்கிறாயா? இதை எழுத வேணாம் மாமா என்று தேவகி பேனாவைக் கீழே வைத்தாள். எழுது என்றேன். அந்தக் குடல் என்றைக்கு மாட்டிக்கொள்ளும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அண்ணன்,
கோதண்டம்

*

சங்கரன்கோவில்,
3.1.2000

அண்ணாச்சிக்கு,

கடுதாசி வந்தது. வாசித்துவிட்டு மடித்து வைத்தேன்.

என்னைத் திருடன் என்று எழுதிவிட்டீர்கள். ஒளிந்து தின்கிற வயசா எனக்கு? மூத்த மகள் வளைகாப்பில் எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்கள், நான் புளியோதரையோடு எழுந்தேன். கார்த்திகைக் கொழுக்கட்டையைத் தொடவில்லை. கருப்பட்டிக் காப்பியை விட்டதால் வெறும் சீனி போட்ட காப்பியைத்தான் காலையில் இரண்டு, மதியம் ஒன்று, பொழுது சாய இரண்டு என்று குடித்துக்கொண்டிருக்கிறேன். அதில் மணமும் இல்லை ருசியும் இல்லை, மருந்து மாதிரி குடிக்கிறேன். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?

உங்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் இந்த ஆபரேஷன் பேச்சு இனி வேண்டாம். இருக்கிற வரை இருந்துவிட்டுப் போகிறேன். அருள்பாண்டியைப் பார்த்தால் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பிச்சையா

*

சேரப்பணஞ்சேரி,
20.1.2000

என் தங்கத் தம்பி பிச்சையாவுக்கு,

நீ திருடன் இல்லை. மன்னித்துக்கொள். உன்னைத் திருடன் என்ற இந்த வாயில் மூன்று நாளாகச் சிரிப்பு அடங்கவில்லை, அதற்கும் மன்னித்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன். பொங்கலுக்குத் தபால் இல்லாததால் உன் கடுதாசி லீவெல்லாம் கழிந்துதான் வந்தது. தேவகி உரக்கப் படித்தாள். பக்கத்துப் போர்ஷனில் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒன்று குடியிருக்கிறது, இசக்கிசெல்வி, ஒயர் கம்பெனியில் லைனில் நிற்கிறது. அது லீவு என்று வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. சீனி போட்ட காப்பி என்ற இடம் வந்ததும், "அய்யோ மாமா!" என்று வாயைப் பொத்திக்கொண்டது.

"இன்னாடி?" என்றாள் தேவகி.

"அந்த மாமா சீனிய விடவே இல்லக்கா. சர்க்கரையத்தான் விட்டுருக்காவ."

"ரெண்டும் ஒண்ணுதானடி?"

"எங்க ஊர்ல ஒண்ணு இல்லக்கா. வெள்ளையா, டீக்குப் போடுதது சீனி. சர்க்கரைன்னா வெல்லத்தூளு மாதிரி, பழுப்பா இருக்கும்லா, அது. நான் இங்க வந்த புதுசுல கடையில சர்க்கரை கேட்டேன், அந்தாளு சீனியக் கட்டிக் குடுத்தாரு. ஏமாத்துதான்னு சண்டை போட்டுட்டு வந்தேன்."

தேவகி விடவில்லை. "அது எப்படி? சர்க்கரைன்னா சர்க்கரைதான்!"

"அப்ப பொங்கலுக்கு நீங்க வச்ச சர்க்கரைப் பொங்கல்ல எதப் போட்டீய? வெள்ளையையா போட்டீய?"

தேவகி அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் போட்டது வெல்லம்.

பிச்சையா, நீ இங்கே லோடு இறக்க வந்து மூன்று வருஷம் இருந்தாய். உங்கள் ஆட்கள் தனியாகப் பொங்கித் தின்றீர்கள். கடையில் டீ என்று மட்டும் கேட்டோம், போட்டுக் கொடுத்ததைக் குடித்தோம். என்ன போட்டான் என்று நாம் பேசிக்கொண்டதே இல்லை. டாக்டர் எங்கள் சர்க்கரையைச் சொன்னார், நீ உங்கள் சர்க்கரையை விட்டாய். சொன்ன சொல்லை நீ காப்பாற்றியிருக்கிறாய், சொல்தான் நம்மைக் கவிழ்த்துவிட்டது.

சீனியை விடு அப்பா. பேச்சு வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.

அண்ணன்,
கோதண்டம்

*

சங்கரன்கோவில்,
9.6.2000

அண்ணாச்சிக்கு, பிச்சையா நூறு வணக்கம்.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. எழுதினால் நல்ல சேதியாகத்தான் எழுதுவது என்று இருந்தேன். எழுபத்தாறே முக்கால். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஏறி ஏறி ஸ்டேஷன் மாஸ்டரே என்னைப் பார்த்தால் "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார். பாளையங்கோட்டை ரோட்டில் காலையும் மாலையும் நடக்கிறேன். சோறு ஒரு கரண்டி கம்மி. காப்பியில் ஒன்றும் இல்லை.

உங்கள் பொங்கல் கடுதாசியைப் படித்துச் சந்தனமாரி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இங்கே நாளைக்கு ஐந்து டம்ளர் சீனிக் காப்பி குடித்துக்கொண்டிருக்க, எலும்பும் தோலுமான நீங்கள் அங்கே எனக்காக வெறும் டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அன்றைக்குக் கீழே வைத்த டம்ளரை அப்புறம் நான் சீனிக்கு நீட்டவில்லை. டாக்டர் சொல்லி நடக்காததை அந்த வெறும் டீ நடத்திவிட்டது.

அருள்பாண்டி ஆஸ்பத்திரியில் கேட்டு நாள் வாங்கிவிட்டான். ஆனி மாசக் கடைசி வெள்ளிக்கிழமை. அதற்கு ஒரு நிபந்தனை. இந்தக் கடுதாசி கண்டதும் நீங்கள் டீயில் சீனி போட்டுக் குடிக்க வேண்டும், உங்கள் பாஷையில் சர்க்கரை. தேவகி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நான் ரயில் ஏறமாட்டேன்.

ஒன்று கேட்கலாமா? கூடப் பிறந்தவன் இல்லை. சாதி சனம் இல்லை. மூன்று வருஷம் சேர்ந்து சுமை இறக்கியவன். ஒரு கிழவன் வயிற்றுக்காக ஏன் அண்ணாச்சி இவ்வளவு?

தம்பி,
பிச்சையா

*

சேரப்பணஞ்சேரி,
18.6.2000

அன்புத் தம்பி பிச்சையாவுக்கு,

மாமா நேற்றும் இன்றும் சர்க்கரை போட்டு இரண்டு டம்ளர் டீ குடித்தார், மூன்றாவது கேட்டார், கொடுக்கவில்லை. சாட்சி: தேவகி.

இனி நான் சொல்வது. ஆபரேஷனுக்குப் பயப்படாதே. நான் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன். அருள்பாண்டிக்கு லீவு கிடைக்காவிட்டாலும் நான் இருப்பேன்.

ஏன் என்று கேட்டாய். நீ மறந்துவிட்டாயா, மறந்த மாதிரி இருக்கிறாயா தெரியவில்லை. எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ஆவணி மாசம், வெயில் கொளுத்துகிறது. கம்பெனிக்கு வந்த மிஷினை மரப்பெட்டியோடு லாரியிலிருந்து பலகை போட்டு, இரும்புக் குழாயில் உருட்டி இறக்குகிறோம். குழாய் ஒன்று வழுக்கியது. பெட்டி என் இரண்டு கால் மேலும் படுத்துவிட்டது. சூப்பர்வைசர் கத்தினான், "யாரும் தொடாதீங்க, கிரேன் வரட்டும்!" கிரேன் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். நீங்கள் ஆறு பேர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்க ஆறு பேர் போதாது என்று எல்லாருக்கும் தெரியும். தூக்கினீர்கள். நான் கையால் ஊர்ந்து வெளியே வந்தேன். மறுநாளே நீங்கள் வேறு லாரிக்குப் போய்விட்டீர்கள், நான் எழுந்து வேலைக்கு வந்தது மாசம் கழித்துத்தான். நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீங்களும் எதிர்பார்க்கவில்லை.

தண்டலத்தில் டாக்டர் உன்னைப் பார்த்து, "பாரம் தூக்குன உடம்பா?" என்று கேட்டபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் கல்யாணத்தை இந்தக் காலால் நடந்து நடத்தினேன். தேவகி இந்த வீட்டுக்கு வந்தது அப்படித்தான். அவள் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள், எழுத்து கோணினால் அவள் மேல் தப்பில்லை.

அந்த ஆறு பேரையும் நான் தினமும் ஒரு தடவை பேர் சொல்லி நினைத்துக்கொள்வேன். மணிமங்கலம் துளசிங்கம், ஏலேலோ போட்டு முதலில் தோள் கொடுத்தவன், காமாலையில் போனான். வாலாஜாபாத் காதர் பாய், லாரி டிரைவர், தூக்கும் வேலை அவருடையதே இல்லை, ஓடி வந்தார், மாரடைப்பில் போனார். எத்திராஜ் பஸ்ஸில் அடிபட்டான். அவன் மச்சான் கன்னியப்பன் குடித்தே அழிந்தான், அவன் நல்லவன். உங்கள் ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரி வனமாமலை போன வருஷம் வைகாசியில் போய்விட்டார், நீதான் எழுதினாய்.

மிச்சம் இருப்பது ஒருவன். சங்கரன்கோவில் பிச்சையா.