வண்டிக்காரியின் ஆறு வோல்ட் பேட்டரி

என் அன்பு வண்டிக்காரிக்கு,

இங்கே எல்லோரும் முக்கால் சுகம். அக்காவுக்கு முழங்கால் வலி, நம் மகள் சில்வண்டுக்குச் சளி, எனக்கு வழக்கம்போல் கண் எரிச்சல். நீ அங்கே சுகமா என்று கேட்பதுதான் முறை. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாய், நானும் நம்பிவிட்டதாகக் காட்டிக்கொள்வேன். இத்தனை வருடமாக அப்படித்தானே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால் இந்த முறை கேட்கவில்லை.

அங்கே உன் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவர் லீவு முடிந்து நாளை மறுநாள் கிளம்புகிறார். அவர் பெட்டியில் ஒரு கவருக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று அவருக்கே சிரிப்பு. போனில் எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை. நீ ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை முடித்துவைப்பது நானாக இருக்கிறேன். இதை நீ கடைசி வரை படிக்க வேண்டும், நானும் குறுக்கே பேசாமல் சொல்ல வேண்டும்.

போன வாரம் இரட்டை ஷிப்ட் முடித்துவிட்டுக் கூப்பிட்டாயே, அந்தப் பேச்சைப் பற்றித்தான். அன்றைக்கு நீ இரண்டு விஷயம் சொன்னாய். வண்டிக்குப் புதுப் பேட்டரி போடும்போது பிளஸ் முனையைத்தான் வண்டியின் பாடியோடு சேர்க்க வேண்டும் என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் காகிதம் வந்திருக்கிறது, இனிமேல் என்னால் முடியவில்லை, வந்துவிடுகிறேன் என்றாய். நான் பேட்டரிக்குச் சரி சரி என்றேன். இரண்டாவதற்கு, அசதியில் பேசுகிறாய், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், மாடி கட்டி முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, சில்வண்டுக்கு ஸ்வெட்டர் போட்டு அனுப்பு என்று சொல்லி வைத்துவிட்டாய்.

இனி வண்டிக் கதையைக் கேள்.

பழைய பேட்டரி செத்தே போய்விட்டது. பக்கங்கள் வீங்கி, முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்து, கழற்றும்போது கையெல்லாம் அரிப்பு. நீ சொல்லிவிட்டுப் போனபடி வாரா வாரம் உதைத்து ஸ்டார்ட் பண்ணித்தான் பார்த்தேன். கடைசியில் ஹாரன் கிழட்டு ஆடு இருமுவது போல ஒரு சத்தம் கொடுத்து, அதுவும் நின்றுவிட்டது. பேட்டரியைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். ஓட்டத் தெரியாதவன் பேட்டரி வாங்கப் போனால் என்ன மரியாதை கிடைக்குமோ அது கிடைத்தது. ஆறு வோல்ட் என்றதும் இரண்டு கடையில் சிரித்தார்கள், மூன்றாவது கடையில் வண்டியைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார்கள். நீ இங்கே வேலை பார்த்த ஆஸ்பத்திரிக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, ஒவ்வொரு போல்ட்டாகக் கழுவி ஓட வைத்த வண்டி அது என்று அவர்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? வெள்ளை நர்ஸ் உடுப்பில் நீ முன்னால் ஓட்ட, சாப்பாட்டுப் பையைக் கட்டிப்பிடித்தபடி நான் பின்னால் அச்சகத்துக்குப் போய் இறங்கிய காலத்தை அவர்கள் எங்கே கண்டார்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கிறவர்தான் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. விலை சொல்வதற்கு முன்னால், "இது ஓடுற வண்டியா, நிக்கிற வண்டியா?" என்று கேட்டார். ஓட்டுகிற ஆள் வெளிநாட்டில் இருக்கிறாள், எப்போது வருவாள் என்று தெரியாது, நிற்கிற வண்டிதான் என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

நிற்கிற வண்டிக்கு மூடி போட்ட பேட்டரி நல்லது என்றார். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆசிட் சிந்தாது, வீட்டுச் சுவரில் சின்ன சார்ஜரைச் சொருகிவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். தினம் ஓட்டுவதாக இருந்தால் மட்டும் அது ஆகாதாம். இந்தக் கிழட்டு வண்டிகள் சார்ஜை ஒரு நேரம் கொட்டும், ஒரு நேரம் கொடுக்காது, மூடி போட்டது அந்த அடியைத் தாங்காது. ஓடுகிற வண்டிக்கு ஆசிட் ஊற்றுகிற பழைய மாடல்தான் சரி, ஆனால் அடிக்கடி திறந்து பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் விட வேண்டும், கவனிக்க ஆள் வேண்டும் என்றார். எனக்கு வேலை குறைவாக இருப்பதையே கொடுங்கள் என்று மூடி போட்டதை வாங்கிக்கொண்டு வந்தேன். வண்டியின் பேட்டரித் தட்டில் கொஞ்சம் ஆடியது. மரத்துண்டு ஒன்றைச் செதுக்கி அடைகொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது, சிரிக்காதே.

அடுத்து வயர். நீ சொன்னது நினைவில்தான் இருந்தது. பிளஸ் பாடிக்கு. ஆனால் அச்சகத்து வேனில் பார்த்திருக்கிறேன், பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றிலும் மைனஸ்தான் பாடிக்குப் போகிறது. பாவம், பதினாறு மணி நேரம் நின்றுவிட்டுப் பேசியவள், மாற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று நானே முடிவு கட்டினேன். நான் யார்? ஊரார் எழுதுவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவன். எழுதியவர் என்ன நினைத்திருப்பார் என்று அவரைவிட எனக்கே நன்றாகத் தெரியும் என்கிற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. உன் பேச்சையும் திருத்தினேன். மைனஸைப் பாடியில் முடுக்கி, பிளஸில் மற்ற வயரை வைத்தேன்.

வைத்த நொடியில் படபடவென்று பொறி. சீட்டுக்கு அடியிலிருந்து கறுப்பாகப் புகை. வயர் பழுத்து, மேலிருந்த ரப்பர் உருகிச் சொட்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காதான் ஓடிவந்து, மிதியடியால் வயரை அடித்து விலக்கினாள். அன்றைக்கு மட்டும் அவளுக்கு முழங்கால் வலிக்கவே இல்லை. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் வலது கைக் கட்டைவிரலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

சில்வண்டு வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. என் பக்கத்தில் வந்து, "இதை அம்மாகிட்ட சொல்லக் கூடாதுல்லப்பா?" என்று மெல்லக் கேட்டாள். அவளுக்கு டைபாய்டு வந்ததை உனக்குச் சொல்லவில்லை. அக்கா குளியலறையில் விழுந்ததைச் சொல்லவில்லை. நீ அங்கே ஒருமுறை மயங்கி விழுந்ததை நீயும் எனக்குச் சொல்லவில்லை. மருந்தகக்காரர் நேற்று வாய்தவறி உளறியதால் தெரிந்தது. அவரைத் திட்டாதே. உன்னைக் கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் குழந்தைக்கு இந்த வயதிலேயே இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டோமே என்றுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

மறுநாள் உன் பழைய கூட்டாளி மெக்கானிக் வந்தார். எந்தப் பக்கம் எதைக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இந்த வண்டியில் பிளஸ்தான் பாடி, அந்தக் காலத்துக் கம்பெனிகள் சில அப்படித்தான் செய்திருக்கின்றன என்றார். வீட்டுக்காரிக்குத் தெரியுமே, கேட்டிருக்கலாமே என்றார். கேட்டேன், அவளும் அதையேதான் சொன்னாள் என்றேன். அந்த மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "சொன்னாங்களா? அப்புறம் ஏன் சார் மாத்துனீங்க?" என்றார். களைப்பில் சொல்கிறாள் என்று நினைத்தேன் என்றேன். அவர் சீட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். கருகிய வயர்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே வயர் கண்ணில் படவில்லை. நீ போனில் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் காதில் இருந்தது. களைத்துப் போனவள் பிளஸ், மைனஸைக்கூட மாற்றாமல் சரியாகச் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் மற்றதையும் சரியாகத்தானே சொல்லியிருக்கிறாய்? முடியவில்லை என்றால் முடியவில்லை என்றுதானே அர்த்தம்? அதில் நான் திருத்துவதற்கு என்ன இருந்தது? டார்ச்சைச் சரியாகப் பிடிக்கச் சொல்லி மெக்கானிக் இரண்டு தடவை அதட்டினார்.

பேட்டரிக்குச் சார்ஜை மாற்றி அனுப்புகிற ரெக்டிபையர் போய்விட்டது. அவர் எங்கேயோ ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றி வந்து போட்டார். வயரெல்லாம் புதிது. மூடி போட்ட பேட்டரியும் பலமாக அடி வாங்கிவிட்டது, அதை நம்ப முடியாது என்றார். ஆகவே மறுபடியும் அந்த எதிர்ச்சந்து. கடைக்காரர் என் கட்டைவிரலைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். மறுபடி அதே மாதிரியா என்று கையை அலமாரிக்குக் கொண்டுபோனார். வேண்டாம், ஆசிட் ஊற்றுகிறதைக் கொடுங்கள், ஓடுகிற வண்டி என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். போன வாரம் நிற்கிற வண்டி என்றீர்களே என்றார். வீட்டுக்காரி வருகிறாள் என்றேன். அதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்லவேளை, தெருவில் லாரி போனது. அந்தப் பேட்டரியை வரவழைத்து, ஆசிட் ஊற்றி, மெதுவாக ஒரு சார்ஜ் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் விஷயத்தை உடைத்தேன். மாடிப் பேச்சை எடுப்பாள் என்று நினைத்து, பதிலெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "மாடி என்ன, எழுந்து ஓடியா போயிடும்? வரச் சொல்லுடா முதல்ல" என்றாள். மாடியில் இப்போது கம்பிகள்தான் நிற்கின்றன. அக்கா அவற்றுக்கு நடுவே கயிறு கட்டித் துணி காயப்போடுகிறாள். நன்றாகவே காய்கிறது. அதற்கு மேல் அந்த மாடியால் நமக்கு ஆக வேண்டியது ஒன்றும் அவசரமில்லை. வந்த பிறகு இங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்கிறாயோ, கொஞ்ச நாள் சும்மா கிடக்கிறாயோ, அது உன் இஷ்டம். அதையும் நான் முடித்துவைக்கப் போவதில்லை.

அந்த ஒப்பந்தக் காகிதம் மாதக் கடைசிக்குள் போக வேண்டும் என்றாய். மருந்தகக்காரர் அதற்கு முன்னால் அங்கே இறங்கிவிடுவார், தேதியைக் கேட்டுக்கொண்டேன். நான் சொன்னபடி தூங்கி எழுந்து, மனத்தைத் தேற்றிக்கொண்டு, இதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பாயோ என்பதுதான் பயம். என் பேச்சைக் கேட்காதவள் என்று உன்னை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு தடவை அது உண்மையாக இருக்கட்டும். போட்டிருந்தாலும் பரவாயில்லை, திரும்ப வாங்கிக் கிழித்துப் போடு. அதனால் வருகிற சங்கடத்தைச் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.

நீ போனதிலிருந்து உன்னிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். பார்த்துக்கொள், சமாளி, இன்னும் கொஞ்ச நாள்தானே. வா என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னால் நீ உடைந்துவிடுவாய் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உடைந்துவிடுவேன் என்று பயந்தது நான்தான். சில்வண்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் பின்னல் போட எனக்கு இன்னும் வரவில்லை. அச்சகத்தில் எழுத்துகள் கண் முன்னால் நீந்துகின்றன. இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கக் கையில் தெம்பு இருப்பதில்லை.

உன்னால் முடியவில்லை என்றாய். எனக்கும் முடியவில்லை. வந்துவிடு.

உன் வரவை எதிர்பார்த்து,
உன் கணவன்