வெள்ள எச்சரிக்கைகளை வரிசையில் நிறுத்திய தாழைநங்கையார்க்கு வெண்ணாவல் அரசி எழுதிய நன்றியோலை

நலம் பெருகுக. நீலியாற்றின் இரு கரையும் காக்கும் வெண்ணாவல் நாட்டு அரசி கோதைமாதேவியாகிய யாம், மருதத்துறை நாட்டில் வாழும் செயலி வல்லுநர் தாழைநங்கையார்க்கு விடுக்கும் ஓலை. உம் நாட்டில் மழை அளவோடு பொழிக. உம் மன்னர் நோயின்றி நெடுநாள் வாழ்க. உம் இல்லத்தார் யாவரும் இனிது இருக்க. கைப்பேசியில் ஒரு நொடியில் சொல்லத்தக்கதை ஏன் ஓலையில் எழுதுகிறார் என்று நீவிர் வியக்கக்கூடும். நன்றியையும் மன்னிப்பையும் அரசர் தம் கைப்பட ஓலையில் எழுதுவதே எம் குல வழக்கு. இவ்வோலையில் இரண்டும் உள.

மூவாண்டுகளுக்கு முன் எம் வேண்டுகோளை ஏற்று ஆற்றுக்காவல் என்னும் செயலியை இயற்றித் தந்தீர். மதகு திறந்தாலும் பாலம் அடைத்தாலும் திரையின் நடுவே எச்சரிக்கைப் பெட்டி ஒன்று தோன்றும். படித்தவர் அதன் கீழுள்ள சொல்லை அழுத்தினால் மறையும். இரண்டு மழைக்காலங்கள் அது குறையின்றி உழைத்தது.

சென்ற ஆண்டு ஐப்பசியில், எம் முடிசூட்டு நாளின் ஆண்டு நிறைவன்று, விடியும் முன்னரே மேல்மலையில் பெருமழை கொட்டியது. நாணற்குடி மருத்துவச்சி காத்தாயி, பேறுகால வலி கண்ட செவ்வந்தி என்னும் பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்து மருத்துவமனைக்குப் புறப்பட்டாள். மதகு திறக்கப்படுகிறது, தாழ்பாலம் அடைக்கப்பட்டது, மேட்டுச்சாலை வழியே செல்க என மூன்று எச்சரிக்கைகள் அடுத்தடுத்துச் சென்றன. அவற்றுள் ஒன்றையும் அவள் காணவில்லை. வண்டி பாலத்தின் நடுவே இருக்கையில் முன்னும் பின்னும் தண்ணீர் ஏறியது. சக்கரத்தின் அச்சுவரை வெள்ளம் நிற்க, அவ்வண்டிக்குள்ளேயே பெண்மகவு பிறந்தது. படகோட்டிகள் வந்து தாயையும் சேயையும் மீட்டனர். ஒரு காளை ஆற்றோடு போயிற்று; வடத்தில் சிக்கிக் காத்தாயியின் இரு விரல்கள் நசுங்கின.

மருத்துவச்சி கைப்பேசியைப் பாராமல் போனாள் என்று அமைச்சர் சிலர் உரைத்தனர். செயலியே பழுது என்றனர் வேறு சிலர். யாம் பின்னவரை நம்பி, ஆராயாமல், பழுதான பொருளைத் தந்து எம் மக்களை ஆற்றில் தள்ளினீர் என்று உமக்குச் சுடுசொல் எழுதினோம். நான்காம் நாள் படகில் வந்து இறங்கினீர். அரண்மனைக்கு வருமுன் நாணற்குடிக்குச் சென்று, கட்டுப்போட்ட கையோடு கிடந்த காத்தாயியின் அருகில் அமர்ந்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டீர். பின்னர் அவளையே அவைக்கு அழைத்துவந்து, உம்மிடம் சொன்னதை எம்மிடமும் அஞ்சாமல் சொல்லுமாறு வேண்டினீர்.

அவள் சொன்னாள்: “விடிஞ்சதும் போனைப் பாத்தேங்க. ராணியம்மா முகம் திரையில சிரிச்சுக்கிட்டு நின்னுச்சு, முடிசூட்டு நாள் வாழ்த்துன்னு. கீழ ‘மூடு’ன்னு போட்டிருந்துச்சு. நம்ம ராணியை எப்படிங்க அமுக்கி மூடுறது? அப்படியே மடியில செருகிக்கிட்டேன்.”

நீவிர் எழுந்து, அச்செயலி ஒரு வேளையில் ஒரு பெட்டியை மட்டுமே காட்டும் என்றும், ஒன்று மூடப்படாமல் நிற்கையில் வருவன ஓசையின்றித் திரும்பிவிடும் என்றும், பிறகு அவை வருவதேயில்லை என்றும் விளக்கினீர். அவ்வாழ்த்தை அப்பெட்டியில் வைக்கச் சொன்னது அரண்மனை என்றீர். இரண்டாவது பெட்டி வந்தால் என்னாகும் என்று எண்ணிப்பாராதது உம் பிழை என்றும் அதே மூச்சில் சொன்னீர். எம்மைக் காக்கவும் இல்லை, உம்மைக் காக்கவும் இல்லை. யாம் எம் முகத்தை எங்கே வைப்பது என்று அறியாமல் அமர்ந்திருந்தோம்.

அதன்பின் ஒன்பது நாள் நாணற்குடியிலேயே தங்கினீர். முதலில், ஒன்றை மூடினால் அடுத்தது தோன்றுமாறு செய்து, ஏழு பெட்டிகளைக் காத்தாயிக்கு அனுப்பிப் பார்த்தீராம். கொசு அடிப்பதுபோல் ஏழையும் அவள் அமுக்கித் தள்ளிவிட்டு, “ஒண்ணு போனா ஒண்ணு வருது. தொல்லை விட்டாப் போதும்னு அமுக்கிட்டேன் தாயி” என்றாளாம். நீவிர் வாய்விட்டுச் சிரித்து, செய்ததை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினீர் என்று அவளே எமக்குச் சொன்னாள்.

இப்போது காத்திருக்கும் எச்சரிக்கை தொலைவதில்லை. உயிருக்கு ஆபத்தானது வரிசையில் முன்னே வருகிறது. ஒரே செய்தி நான்குமுறை வந்தால் ஒன்றாகிவிடுகிறது. ஆபத்து நீங்கியபின் அதைப்பற்றிய பெட்டி தானே விலகிக்கொள்கிறது. கீழே ‘சரி’ என்றும் ‘மூடு’ என்றும் இருந்த இடத்தில், ‘பாலத்துக்குப் போகமாட்டேன்’ என்று எழுதினீர். படிக்காமல் அதை அழுத்துவது அரிது.

இக்கார்த்திகை பன்னிரண்டாம் நாள் நீலியாறு சென்ற ஆண்டினும் இரு முழம் உயர்ந்து வந்தது. ஒரு நாழிகைக்குள் ஐந்து எச்சரிக்கைகள் சென்றன. முந்நூற்று நாற்பது குடும்பங்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து மேட்டுநிலம் சேர்ந்தன. வேறொரு வீட்டுக்குப் பேறு பார்க்கச் சென்றுகொண்டிருந்த காத்தாயி, வழியிலேயே வண்டியைத் திருப்பி மேட்டுச்சாலையில் போனாள். யாமும் அன்று கரையைப் பார்வையிடத் தாழ்பாலத்தை நோக்கிப் புறப்பட்டிருந்தோம். எம் திரையிலும் அப்பெட்டி நின்றது. குடிமக்களைப் போலவே யாமும் ‘போகமாட்டேன்’ என்று அழுத்தித் திரும்பினோம். ஓர் உயிரும் போகவில்லை. மறுநாள் அதைக் கேட்டறிந்தபோது எமக்குக் கண்ணீர் வந்தது என்பதை எழுத நாணவில்லை.

உமக்கு யாம் எழுதிய சுடுசொல் தவறென்று நிறைந்த அவையில் அறிவித்தோம். எம்மைப் பொறுத்தருள்க. எம் மக்கள் உயிரோடு இருப்பதற்கு உமக்கு நன்றி; எம் பிழையை எம் முகத்துக்கு நேரே காட்டியதற்கு அதனினும் நன்றி.

இனி எம் ஆணை. ஆபத்தல்லாத எதையும் அப்பெட்டியில் வைக்குமாறு எம் அலுவலர் கேட்பினும், எம் வழித்தோன்றல் கேட்பினும், மறதியாலோ பெருமையாலோ யாமே கேட்பினும், மறுக்கும் உரிமை உமக்கு உண்டு. மறுக்கும்போது இவ்வோலையைக் காட்டுக. எம் வாய்ச்சொல்லும் இம்முத்திரையும் மாறுபட்டு நின்றால், முத்திரையே வெல்லும்.

எம் ஆட்சியின் பதினோராம் ஆண்டு, கார்த்திகைத் திங்கள் இருபதாம் நாள், எம் கையால் எழுதி, எம் கையாலேயே முத்திரை இட்டோம்.

கோதைமாதேவி