பதினேழாம் தாளில் இல்லாத முந்நூறு மீட்டர்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரைவாளர்,
(தங்கள் அலுவலக இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேசையில் இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர்).

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நிலவரைபட அலுவலகம்.

பொருள்: பதினேழாம் தாள் – மலையேற்றப் பாதை – இல்லாத வழியை நீக்கக் கோருதல் – மூன்றாம் முறை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதல் இரண்டு மனுக்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "புதிய வரைபடம் பழைய வரைபடத்துடன் ஒப்பிடப்பட்டது. பிழை இல்லை." புதியதே பழையதைப் பார்த்துப் போட்டதுதான் ஐயா. ஒப்பிட்டால் ஒத்துத்தான் போகும். இதற்கு ஒரு முத்திரை வேறு.

2. பழைய தாளை வரைந்தவன் நான். அந்த ஆண்டு மழை முந்திக்கொண்டது. நில அளவையர் மேற்கிலிருந்து கொஞ்சம், கிழக்கிலிருந்து கொஞ்சம் நடந்துவிட்டு, நடுவில் முந்நூறு மீட்டரைப் பார்க்காமலே இறங்கிவிட்டார். அச்சுக்கு நாளில்லை. "ரெண்டு முனையையும் சேத்துப் போடுப்பா, அடுத்த வருஷம் போய்ப் பாத்துக்கலாம்" என்றார். விட்டுவிட்டுப் போகும் கோடாகச் சேர்த்தேன். சரிபார்க்கப்படவில்லை என்பது அதன் பொருள்; நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருஷம் யாரும் போகவில்லை. நானும் கேட்கவில்லை.

3. புதிய வரைபடத்துக்காகக் கணினியில் ஏற்றியபோது இடைவெளிகள் அடைபட்டு அது முழுக்கோடாகிவிட்டது.

4. என் மகள் கணக்கு ஆசிரியை. எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டாள். தோழியோடு அந்த மலைக்குக் கிளம்புவதற்கு முன் சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்களையும் விரித்துவைத்துக்கொண்டு, "அப்பா, பழசுல கோடு விட்டுவிட்டு இருக்கு, புதுசுல முழுசா இருக்கே. எதை நம்பறது?" என்று கேட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "புதுசுன்னா போய்ப் பாத்துத்தாம்மா போட்டிருப்பாங்க" என்றேன். தலை நிமிரக்கூட இல்லை ஐயா. நிமிர்ந்திருந்தால் அது எந்தத் தாள் என்று தெரிந்திருக்கும். என் கையெழுத்து அதன் ஓரத்திலேயே இருக்கிறது.

5. அங்கே பாதை இல்லை, பாறை விளிம்புதான் இருக்கிறது. அன்றைக்கு மூடுபனி. "கோடு நேராத்தான் போகுது, வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாளாம். கூடப்போன தோழி வந்து சொன்னாள். அந்தப் பெண் இன்னும் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறாள். கூச வேண்டியவன் நான். வழிமாறிப் போய்விட்டாள் என்றுதான் என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். என் மகள் வழிமாறவில்லை ஐயா. கோட்டின் மேலேயேதான் நடந்தாள்.

6. அடுத்த வாரம் மலை மறுபடி திறக்கிறது. அதற்குள் அந்த முந்நூறு மீட்டரை நீக்கவும், இரு முனைகளிலும் எச்சரிக்கைப் பலகை வைக்கவும், அங்கே ஓர் ஆளை அனுப்பி நடந்து பார்க்கச் சொல்லவும் வேண்டுகிறேன். பொறுப்பாளி என்று கோப்பில் ஒரு பெயர் தேவைப்பட்டால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். இதையும் பழைய தாளோடு ஒப்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இடம்: வீடு, அதே சாப்பாட்டு மேசை.
நாள்: ஆறாம் தேதி, திங்கட்கிழமை.

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற வரைவாளர்

நகல்: என் மனைவிக்கு. நான்காம் பத்தியில் உள்ளது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவளிடம் படித்துக் காட்டிய பிறகே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.