மிளகாய்ப் பாத்தியில் நீலம்

பியர்பொன்ட்ஸ்,
10.07.2004

அன்பின் கணவருக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். மன்னாரில் நீங்களும் உங்கள் தங்கச்சி திரேசம்மாவும் சுகமென நம்புகிறேன். நீங்கள் பார்க்கப் போன அவவின் கால் முறிவு ஆறிவிட்டதாம். நீங்களோ, "இனி அந்தக் குளிருக்குள்ள வரமாட்டன், வீட்டை வித்துப்போட்டு நீயும் வா" என்று எழுதுகிறீர்கள். வேலையையும் பங்குக் கோயிலையும் விட்டுவர எனக்கு மனமில்லை. ஆனாலும் வீட்டை வாங்க ஒருவர் கேட்டிருக்கிறார்.

பின்வளவில் உங்கள் பாத்தி வெறுமனே கிடந்தது. மிளகாய்க் கன்று நட்டு, பின்னேரம் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். காய்ப்பை வந்து பாருங்கள்!

உங்கள் யோசெப்பின்

மன்னார்,
02.08.2004

அன்பின் யோசெப்பினுக்கு,

ஐயோ, என்ன வேலை செய்தாய்! அது வெறும் பாத்தி இல்லையப்பா. பனிக்குள்ளேயே பூக்கும் குட்டி ஐரிஸ் கிழங்குகள் அங்கே கிடக்கின்றன. கோடையில் இலை கருகி மண்ணுக்குள் தூங்கும். அப்போது ஈரம் பட்டால் அழுகிவிடும். இரண்டு நீல இனங்களை நானே கலந்து, விதையெடுத்து வளர்த்தவை. அவற்றின் பூ எப்படியிருக்கும் என்று நானே இன்னும் பார்க்கவில்லை.

சரி, விடு. வீடே போகப்போகிறது. நீ கவலைப்படாதே.

அன்புடன்,
ஹென்றி

பியர்பொன்ட்ஸ்,
11.04.2005

என் அன்பின் மனுசனுக்கு,

பூத்துவிட்டது! குசினிச் சுவரோரம், என் தண்ணீர்க் குழாய் எட்டாத மூலையில் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அழுகித்தான் போயிற்று. அந்தக் கவலை எனக்கு ஆறாது. ஆனால் இது பனியைத் துளைத்துக்கொண்டு சுண்டுவிரல் உயரத்தில் நிற்கிறது. என்ன நீலமப்பா அது! ஓரம் வெளிறி, நடுவில் கடும் நீலம், அதற்குள் ஒரு மஞ்சள் கீறு. குப்புறக் கிடந்து பார்த்தேன். நான் விழுந்துவிட்டேனென்று பக்கத்து வீட்டு மனுசி ஓடிவந்தா. "இது என்ர மனுசன் உண்டாக்கின பூ" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவவும் முழங்காலில் இருந்துவிட்டா.

நீங்கள் தூரிகையால் மகரந்தம் பூசப் பூக்களுக்குள் குனிந்து நின்றபோது, விசர் மனுசன் என்று சிரித்தேனே. நீங்கள் கெட்டிக்காரன்தான்! எனக்குப் பெருமையாக இருக்கிறது.

படம் எடுத்து அனுப்பமாட்டேன். வீட்டு உறுதியில் கையெழுத்துப் போட அடுத்த மாதக் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். போடவா, விடவா?

யோசெப்பின்

மன்னார்,
29.04.2005

என் யோசெப்பினுக்கு,

உன் கடிதத்தைத் திரேசம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பிறகேன் அண்ணை இன்னும் இஞ்ச நிக்கிறியள்?" என்று கேட்டாள்.

இந்த முறைப் பூ இதற்குள் வாடியிருக்கும். பரவாயில்லை, அடுத்த சித்திரையில் இரண்டு பேருமாகக் குப்புறக் கிடப்போம். கையெழுத்துப் போடாதே. ஆனியில் வாறன்.

மிளகாயை வேலியோரம் நடு.

உன் ஹென்றி