உச்சைக்கு நின்ன வெளிச்சம்

பூதப்பாண்டி மகாராணி பகவதிக்கு, குஜராத்துலேருந்து மாதேவன் எழுதுகது. நான் சுகம். உன் மூச்சுமுட்டு எப்பிடி இருக்கு?

இங்க ஆராய்ச்சிக் கூடத்துல பெரிய இரும்பு டேங்கைத் தொடைக்கதுதான் என் வேலை. அதுல காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, துளி வாயு விட்டு, உள்ள ஒரு கம்பியைச் செவக்கச் சூடாக்கி கரண்டு குடுத்தா ஊதா வெளிச்சம் நெறஞ்சு நிக்கும். பிளாஸ்மாவாம். உன் கோவம் மாதிரிதான், சூடானாத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை உச்சைக்கு, மணி பன்னெண்டு இருக்கும், சுவிச்சு எல்லாம் அணைச்சாச்சு. கம்பி கறுத்துப் போச்சு. வெளிச்சம் மட்டும் போகல்ல. "ஐயா, உங்க கண்ணாடியில தெரியிற நிழல்"னு சொன்னா எங்க கூடத்து மதுரைக்கார மேடம். கண்ணாடியைக் கழட்டினேன், அப்பவும் நின்னுது. நான் நடந்த பக்கமா சாஞ்சுது. பொறவு அவளும் பாத்தா, சுவிச்சை இன்னொருக்க அணைச்சுப் பாத்தா.

நம்மூர்ல உச்சைக்கு வெளக்கு வைக்கது பொணத்துத் தலைமாட்டுலதான். நான் சிரிச்சிட்டேன், கேட்டியா. ஆனா அந்த வெள்ளிக்கிழமையிலேருந்து எப்ப போன் போட்டாலும் நம்ம மக ராஜி, "அம்மை ஒறங்குகாப்பா"ங்கா. ஆறு நாளா ஒறங்க நீ என்ன கும்பகர்ணன் தங்கச்சியா?

ரெண்டு துண்டும் கொஞ்சம் நார்த்தங்கா ஊறுகாயும் அனுப்பு. பார்சல்ல வெலாசத்தை ராஜி எழுதண்டாம். கோழி கிண்டுன மாதிரி இருக்குமே உன் கையெழுத்து, அதுலதான் வரணும். போஸ்ட்மேன் பெட்டியத் தொறக்கான், நிறுத்துகேன். நீயே எழுது, ஏட்டி.

மாதேவன்