மாடி அறையும் உன் ஒன்பதாவது மாடியும்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால்கூட சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் பதிலில் மறைக்காமல் சொல். வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று தம்பியிடம் கேட்டாயாமே, அவன் வாயில் எது தங்கும்? நீ இன்ஜினியராக நிற்கும் கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்கள் ஒரு நாடு, கான்கிரீட் போடுகிறவர்கள் இன்னொரு நாடு, பைப் ஆட்கள் வேறொரு நாடு, மீட்டிங்கில் எல்லோரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, எட்டாவது மாடிக்குக் கான்கிரீட் லாரி வந்து நின்ற பிறகுதான் பைப்பே போடவில்லை என்று தெரிந்ததாம், ஒன்பதாவது மாடியும் தள்ளிப்போனால் உன்னை மாற்றிவிடுவேன் என்று மானேஜர் சொன்னாராம். கேட்டதிலிருந்து எனக்குத் தையலில் மனம் ஓடவில்லை. அப்பாவுக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி, பெண் வரப்போகிறாள் என்று மாடியில் உனக்காகக் கட்டும் அறையை அவசரப்படுத்த ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கூத்தைக் கேள். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த மனுஷர் இல்லையா, இதையும் அப்படியே நடத்தினார். கொத்தனார், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் யாராக இருந்தாலும் அவரிடம் மட்டும்தான் பேச வேண்டும், அதுவும் தனித்தனியாக, ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது. கொத்தனார் குளியலறையில் டைல்ஸ் ஒட்டினார், மறுநாள் பிளம்பர் அதை உடைத்தார், திரும்பப் பூசிய இடத்தை எலெக்ட்ரீஷியன் உடைத்தார். இப்படி ஆகும் என்று மூவருக்குமே தெரியுமாம். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சாரே சொல்லியிருப்பாருன்னு நெனச்சேம்மா என்று மூவரும் ஒரே பாட்டு. சொன்னா சார் நாலு பேர் முன்னாடி கத்துவாரு என்று கொத்தனார் மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்தச் சமயம் பார்த்து பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன், அப்பா துணைக்குப் போய்விட்டார். எனக்கு இதெல்லாம் ஒன்றும் புரியாது, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டு நான் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து போட்டார்களே ஒரு சண்டை, பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது. அப்புறம் சுவரிலேயே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். அப்பா திரும்பி வந்தபோது குழாயில் தண்ணீர் கொட்டியது, விளக்கு எரிந்தது. நான் இல்லாமல் எப்படி முடிந்தது என்று கேட்டார். நீங்கள் இல்லாததால்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது, பாவம் என்று விழுங்கிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே சின்னு, நீ அப்படியே உன் அப்பா. என்னைக் கேட்காமல் இங்கே ஓர் ஆணி அடிக்க மாட்டார்கள் என்று போன தடவை பெருமையடித்தாய், அப்போதே எனக்குத் திக்கென்றது. மூன்று கூட்டமும் உன்னிடம் மட்டுமே பேசினால் அவர்கள் எப்போது ஒருவரோடு ஒருவர் பேசுவது? பாஷை தெரியாவிட்டால் என்ன, பென்சில் இருக்கிறது. அந்த மாடியிலேயே நிற்கவைத்து அடித்துக்கொள்ள விடு, நீ பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நில். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. யாரையும் மற்றவர்கள் முன்னால் திட்டாதே, அப்புறம் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

உடனே கிளம்பி வரச்சொல் என்று அப்பா எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். நான் சொல்வது வேறு. நீ எப்போது வந்தாலும், எப்படி வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கும், ஆனால் அந்த மாடியைப் பாதியில் விட்டு வந்தால் இந்த அறையில் படுத்து அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாய். அதை முடித்துவிட்டு வா. உன் ஹெல்மெட் மேலேயே இரண்டு கையையும் வைத்து ஆசீர்வாதம் செய்கிறேன், வேலை நேரத்தில் அதைக் கழற்றாதே. உன் அறை ஜன்னலுக்குத் திரை தைத்து மடித்து வைத்திருக்கிறேன். இன்னும் மாட்டவில்லை, மாட்டிவிட்டால் நாளைக்கே நீ வர வேண்டும் போல இருக்கும் எனக்கு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா